நெடுந்திடலுக்கு அறுபது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கோரையாற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிச் சொல்லவும் தயார்தான். ஆனால் இந்த மாதம் ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. மணலை அள்ளிச் சொன்னாலும் சத்தியம் சத்தியமே, அதற்கு ஈரம் முக்கியமில்லை.

தஞ்சாவூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரி. மாடு முட்டிக் கால் முறிந்த ஒருவரைக் கொண்டுவந்து, எக்ஸ்ரே எடுத்து, டாக்டரின் மேசைக் கணினியில் படத்தைத் திறந்தார்கள். படம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரற்கடையாக இறங்கியது. தொடை வந்தபோது டாக்டர் சாப்பிடப் போனார். முழங்கால் வந்தபோது தூங்கி எழுந்தார். கணுக்கால் வரை படம் வந்து சேர்ந்தபோது எலும்பு தானாகவே கூடிவிட்டது. ஆள் எழுந்து நடந்து, 'படத்தை அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பட்டுக்கோட்டை பஸ் ஏறிவிட்டார். டாக்டருக்கு அதில் கோபம். வைத்தியம் செய்யவிடாமல் ஆளைக் குணப்படுத்திவிட்டார்கள் என்று கணினிக் கம்பெனிக்குப் புகார் எழுதினார்.

அந்தப் புகார் வந்து சேர்ந்த இடத்தில் அடைக்கலராஜ் உட்கார்ந்திருந்தான். முப்பத்தாறு வயது. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நெடுந்திடல். அவன் அப்பா பண்ணையாளாக இருந்து, கொடி பிடித்து, அடி வாங்கி, ஒரு தடவை ஜெயிலுக்கும் போய்விட்டு வந்து, அதே பண்ணையில் ஆறு மா நிலத்துக்குக் குத்தகைதாரர் ஆனவர். இரண்டு ஏக்கர். அந்த இரண்டு ஏக்கரில் அக்கா அமலோற்பவம் குனிந்து நிமிர்ந்ததில்தான் இவன் என்ஜினீயர் ஆனான். வேலை, கணினிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில். கம்பெனி என்றால் மாடியில் ஒரு குளிரூட்டிய அறை, அதில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் எட்டுக் கணினிகள் இருப்பதாகப் பாவனை. மெய்நிகர் கணினி என்று பெயர். எட்டும் தனித்தனிக் கட்டடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். எட்டும் எழுதுவதும் படிப்பதும் ஒரே டிஸ்க்கில். குழாயடியில் ஒருவன் அண்டாவை வைத்துவிட்டால் மற்ற ஏழு பேரும் காலிக் குடத்தோடு நிற்கிற கதை.

அண்டாவை வைத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். எலும்பு ஆஸ்பத்திரி, நகைக்கடை, இரண்டு பள்ளிக்கூடங்கள், உரக்கடை, ஒரு கல்யாணத் தரகு நிலையம், அன்னதான அறக்கட்டளை என்று ஏழு பேரை விட்டால், எட்டாவது வீரம்மாள் திருமண மாளிகை. மாளிகையின் சொந்தக்காரர் வீரையன், ஒன்றியச் செயலாளர். எந்தக் கட்சிக்கு என்று கேட்டால் அந்தந்த ஆட்சியைப் பார்த்துச் சொல்லவேண்டும். வேட்டியின் கரை மாறியிருக்கிறதே தவிர நாற்காலி மாறியதில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்குவதுகூடப் பதிவாகவேண்டும் என்று மாளிகையில் அறுபத்துநான்கு கேமரா வைத்திருந்தார். முகூர்த்த நாளில் அறுபத்துநான்கும் சேர்ந்து எழுதத் தொடங்கினால் மற்ற ஏழு கணினிகளுக்கும் மூச்சு முட்டும்.

மேலாளர் பஞ்சநதம் அடைக்கலராஜைக் கூப்பிட்டார். பஞ்சநதத்துக்கு அந்தப் பெட்டியின் மேல் தாளாத பெருமை. வாங்கிய நாளிலிருந்து அது ஒரு நிமிடம்கூட அணைந்ததில்லை. ஆயுத பூஜைக்கு மற்ற யந்திரங்களையெல்லாம் நிறுத்திப் பொட்டு வைக்கும்போது, இதற்கு மட்டும் ஓடுகிற நிலையிலேயே சந்தனம் வைப்பார். வருகிறவர்களிடம் அணையா விளக்கு என்பார். அந்த விளக்குக்கு இழுக்கு வந்துவிட்டது என்பது அவர் கவலை. டிஸ்க்கை யார் எவ்வளவு தொடலாம் என்று அளவு போடச் சொன்னார்.

அளவு போடுவது அடைக்கலராஜுக்குப் புதிது. ஆனால் முறை வைப்பது அவனுக்குப் பிறந்த ஊர்ப் பழக்கம். கடைமடைக்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைப்பில் இருப்பவன் மிச்சம் விட்டதைக் குடித்து வளர்ந்தவன். மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு தாளில் ஆறு போட்டு, ஆற்றிலிருந்து எட்டு வாய்க்கால் பிரித்து, ஒவ்வொரு வாய்க்காலின் தலையிலும் ஒரு மதகு வரைந்தான். நொடிக்கு எத்தனை தடவை படிக்கலாம், எத்தனை தடவை எழுதலாம் என்று ஒவ்வொரு மதகுக்கும் ஓர் எண். சும்மா இருந்த நேரத்தை ஒருவன் சேர்த்துவைத்திருந்தால், அவசரத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். நாற்றங்காலுக்கு மட்டும் முறை தவறித் தண்ணீர் விடுவார்களே, அது மாதிரி. மாளிகைக்கு ஐந்நூறு போட்டான். ஆஸ்பத்திரிக்கு எண்ணூறு. அன்னதான அறக்கட்டளைக்கு அறுநூறு. அந்தத் தாளைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கியது. மேட்டூர் கட்டிய நாளிலிருந்து யாரும் செய்யாத நியாயத்தை ஒரு பக்கத்தில் செய்துவிட்டதாக நினைத்தான்.

பஞ்சநதம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மாளிகைக்கு நேரே இருந்த ஐந்நூறைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"எவ்வளவு சார் போட?"

"போடாதீங்க. வெத்தா விட்டுருங்க. அவருக்குப் போயி அளவு வைக்கிறதா, என்ன ராஜ்?"

"பிரச்சினையே அவங்களாலதான சார்?"

"அதனாலதான் மத்தவங்களுக்கு வைக்கச் சொல்றேன்."

பிறகு அறக்கட்டளையின் அறுநூறில் ஒரு சைபரை அடித்தார். அடைக்கலராஜ் தயங்கினான். முன்னூறு வேலி, அதாவது இரண்டாயிரம் ஏக்கர், அந்த அறக்கட்டளைக்கு. யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்குச் சோறு போட எழுதிவைத்த நிலம். அதில் ஆறு மாவில்தான் அக்கா இருக்கிறாள். பஞ்சநதம் ஒரு கடிதத்தை நகர்த்தினார். அறக்கட்டளையே கையெழுத்துப் போட்டுக் கேட்டிருந்தது: எங்கள் பணிக்குக் குறைந்தபட்ச வேகம் போதுமானது. வேகம் வேண்டாம் என்று தானாகக் கேட்கிற ஒருவரை அடைக்கலராஜ் அதுவரை பார்த்ததில்லை. கேட்டதைக் கொடுப்பதில் தப்பென்ன என்று நினைத்தான். தப்பு இருக்கிறது என்பதும் தெரிந்தது. அறுபது என்று அவன் கையாலேயே தட்டினான். சேமி என்ற பொத்தானை அமுக்கினான். சேமிக்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. கோப்பின் அடியில், வடிவமைப்பு: அ. அடைக்கலராஜ்.

அன்று ஆடி ஒன்றாம் தேதி.

மறுநாளிலிருந்து எக்ஸ்ரே படங்கள், டாக்டர் கேட்பதற்கு முன்பே திறந்தன. ஒன்றிரண்டு, நோயாளி விழுவதற்கு முன்பே திறந்ததாகவும் சொன்னார்கள். நகைக்கடை சேல்ஸ்மேன்களுக்குப் பில் போடும் இடைவெளியில் டீ குடிக்க நேரமில்லாமல் போய், அவர்கள் மெலிந்தார்கள். திரையில் மாளிகையைத் தவிர ஒவ்வொரு கணினிக்கும் சிவப்புக் கோடு ஒன்று, அதுதான் அளவு. பயன்பாடு அந்தக் கோட்டுக்குக் கீழே அடக்கமாக ஓடியது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மாளிகை பூட்டிக்கிடக்கிறது, அறுபத்துநான்கு கேமராவும் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆவணி பிறந்ததும் அங்கங்கே முனகல் கேட்டது. அளவு இருக்கும்போதே இப்படியென்றால் அளவு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பஞ்சநதம் கேட்டார், கேட்டவர்கள் பயந்துபோய் அடங்கினார்கள். வீரம்மாள் மாளிகையிலேயே ஒரு கூட்டம் போட்டு, வீரையன் கையால் அடைக்கலராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டெல்டாவின் பிள்ளை டிஸ்க்குக்கே முறை வைத்தான் என்று ஒருவர் பேசினார். அந்தப் பொன்னாடையை அக்கா வாங்கி, மாதா படத்துக்குக் கீழே மடித்துவைத்தாள்.

புரட்டாசியில் கோர்ட் உத்தரவு வந்தது. அறக்கட்டளை நிலத்தில் யார் யார் குத்தகை என்பதை அக்டோபர் முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்குள் அறக்கட்டளையின் கணினியில் பதியவேண்டும். பதிந்தவருக்கு நிலம் உறுதி. பதியாத நிலம் மறு ஏலம். நேரில் வாங்கமாட்டார்கள், தபாலில் வாங்கமாட்டார்கள், இணையத்தில் மட்டும். விவசாயச் சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகத் தட்டிபோர்டு வைத்துச் சொன்னார்கள். அமலோற்பவத்துக்குக் குத்தகை அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்த சான்று, வாரிசுச் சான்று, பழைய குத்தகைச் சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குள் மாதம் முடிந்துகொண்டிருந்தது. எல்லாம் கைக்கு வந்த அன்று ஆற்றில் முறை மாறி அவள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. ஐந்து நாள் முறை. ஐந்து நாளில் நட்டால் சம்பா, விட்டால் தரிசு. நிலத்தைக் காகிதத்தில் காப்பாற்றுவதா, தரையில் காப்பாற்றுவதா என்ற நிலையில் எந்தக் கடைமடைக்காரியும் என்ன செய்வாளோ அதைத்தான் அவளும் செய்தாள். நட்டு முடித்துவிட்டு, முப்பத்தொன்றாம் தேதி பகலில், முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு திருத்துறைப்பூண்டியில் ஹாஜா மைதீனின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். அங்கே அவளுக்குப் பின்னால் நாற்பது பேர், எல்லோருக்கும் முழங்கால் வரை சேறு.

நாலரை மணிக்கு அடைக்கலராஜின் போன் அடித்தது.

"தம்பி, சுத்துதுடா."

"என்னக்கா சுத்துது?"

"வட்டந்தான். பாய் அமுக்குனாரு, ஒண்ணே முக்கா மணி நேரமா சுத்துது. கண்ண எடுக்காம பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தலையும் சுத்துது."

ஹாஜா மைதீன் போனை வாங்கினார். இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர். தம்பி, இந்தப் பெட்டிய எல்லாம் நீங்கதான் பாக்குறீங்கன்னு தங்கச்சி வாசல்ல நிக்கிறவங்ககிட்டல்லாம் சொல்லிருச்சு, இப்ப எல்லாரும் உங்க பேரச் சொல்லித்தான் திட்டுறாங்க, சீக்கிரம் பாருங்க என்றார். இதைச் சொன்ன குரலில் பகை ஒன்றும் இல்லை. அதுதான் உறுத்தியது.

அடைக்கலராஜ் திரையைத் திறந்தான். அறக்கட்டளையின் கணினி கோட்டுக்குக் கீழே கிடந்தது. வாசலில் தொள்ளாயிரம் விண்ணப்பங்கள் வரிசையில் நின்றன. பக்கத்தில், கோடே இல்லாத கட்டத்தில், மாளிகை மலைபோல் எழும்பியிருந்தது. ஐப்பசி முகூர்த்தம். வீரையன் மகளுக்குக் காலையில் கல்யாணம், மாலையில் வரவேற்பு, நேரலை. அவன் வேறெதையும் பார்க்கவில்லை. அறுபதைப் பார்த்தான். அவன் கையால் போட்ட அறுபது. அதை அழித்து ஆறாயிரம் என்று போட்டுச் சேமித்தான். பச்சையில் சேமிக்கப்பட்டது என்று வந்தது.

"அக்கா, இப்ப பாரு."

"சுத்துது."

"தொறந்து விட்டுட்டேன்க்கா. வர கொஞ்ச நேரம் ஆவும்."

"மேட்டூர்ல தொறந்தா நமக்கு வர பதினஞ்சு நாளாவும். இது தஞ்சாவூர்லேருந்துதானேடா வருது?"

வேறு ஊரில் பிறந்தவன் யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், எண்ணை மாற்றியும் ஏன் மாறவில்லை என்று இரண்டாவது நிமிடமே சந்தேகப்பட்டிருப்பான். நெடுந்திடல்காரனுக்கு அந்தச் சந்தேகம் வராது. தலைப்பில் கதவைத் தூக்கியதும் கடைமடையில் தண்ணீர் குதிக்காது. வாய்க்கால் வெடிப்பு குடிக்கும், மேல்மடைக்காரன் குடிக்கும், மிச்சம் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும். அதுவரை கரையில் குந்தியிருக்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கற்றுவைத்த ஒரே கலை அதுதான். அடைக்கலராஜும் குந்தினான். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே கால் ஆயிற்று. அக்கா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ இருமுவதும், ஹாஜா மைதீன் யாருக்கோ தண்ணீர் கொடுப்பதும் கேட்டன.

பஞ்சநதத்துக்குப் போன் போட்டான். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் பந்தியில் இருந்தார். மாளிகைக்கு ஒரு அரை மணி நேரம் மட்டும் அளவு வைக்கட்டுமா சார், என்றான். பஞ்சநதம் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டுச் சொன்னார்:

"மந்திரி வந்து மேடையில நிக்கிறாரு. நேரலை நின்னுச்சுன்னா நாளைக்கு உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல. வைங்க போன."

அடைக்கலராஜ் போனை வைத்தான். அவன் அப்பா அறுவடைக் களத்தில் நெல் வண்டியின் குறுக்கே படுத்தவர். இவன் அதுவரை எதன் குறுக்கேயும் படுத்ததில்லை. குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள். ஐந்து முப்பத்திரண்டுக்கு, மாளிகைக்கு நேரே வெறுமையாக இருந்த கட்டத்தில் ஐந்நூறு என்று தட்டினான். அறுபத்துநான்கு கேமராவில் ஒன்றுகூட அதைப் பார்க்கவில்லை. சேமித்தான். பச்சையில் எழுத்து வந்தது. வேலை போகட்டும், ஊரை விட்டே போகச் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டான். பிறகு கரையில் குந்துகிறவனைப் போலத் திரை முன்னால் காத்திருந்தான்.

"சுத்துது தம்பி" என்றாள் அக்கா, ஐந்து நாற்பதுக்கு.

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா."

"சுத்துது" என்றாள், ஐந்து ஐம்பதுக்கு.

ஆறு மணிக்கு வட்டம் நின்றது. பதிவு நேரம் முடிவடைந்தது, நன்றி என்று எழுத்து வந்ததை ஹாஜா மைதீன் வாசித்துச் சொன்னார். வெயில் தாழ்ந்துவிட்டது, எட்டாம் நம்பர் பஸ் போய்விடும், நான் கிளம்புகிறேன் என்றாள் அக்கா.

ஆறு பத்துக்குப் பஞ்சநதம் கூப்பிட்டார். அடைக்கலராஜ் எழுந்து நின்றுகொண்டு போனை எடுத்தான். நேரலை ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை, சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினார்கள், மந்திரி கையால் உங்களுக்கு இன்னொரு பொன்னாடை போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். அடைக்கலராஜ் ஐந்நூறை அழித்துவிட்டுக் கட்டத்தைப் பழையபடி வெறுமையாக்கினான். ஐந்நூறிலேயே அவ்வளவு நன்றாக ஓடியிருக்கிறதே என்று மட்டும் நினைத்தான்.

தொள்ளாயிரம் பேரில் பதிந்தது நூற்றுப் பதினொன்று. மற்றவர்கள் அறக்கட்டளை அலுவலக வாசலில் ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். சாலை மறியல் நடந்தது, வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சாயங்காலம் இறக்கிவிட்டார்கள். ஆளும் கட்சி கண்டித்தது, எதிர்க்கட்சியும் கண்டித்தது, இரண்டு கண்டனத்தையும் ஒரே அச்சகத்தில் அடித்தார்கள். கணினியில் கோளாறு எதுவும் இல்லை என்பதற்கு அளவுகள் எழுதிய கோப்பைச் சாட்சியாகக் கொடுத்தது அறக்கட்டளை. அடியில் அடைக்கலராஜின் பெயர் இருந்தது. மறு ஏலத்தில் நெடுந்திடல் பக்கத்து நிலம் முழுவதையும் வீரையனின் மைத்துனர் எடுத்தார். அமலோற்பவம் நட்ட பயிரை அவர் அறுத்தார்.

அடுத்த சம்பாவுக்கு அடைக்கலராஜ் ஊருக்குப் போனான். ஒரு வருடம் அவன் போகவில்லை. அக்கா வீட்டில் இல்லை. வயலில் இருந்தாள், அதே ஆறு மாவில், பதினான்கு பெண்களோடு வரிசையில், நடவு ஆளாக. அவன் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். சொல்லிவிடவேண்டும் என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்திருந்தான். வரிசை அவன் பக்கமாகப் பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னான், எந்தக் கணினிக்கு எவ்வளவு என்று அளவு போட்டவன் நான்தான், நம்முடையதற்கு அறுபது என்று எழுதியவன் நான்தான்.

அவள் நடுவதை நிறுத்தவில்லை.

"அறுபதுன்னா கொஞ்சமாடா?"

"கொஞ்சந்தான்க்கா."

"மண்டபத்துக்கு?"

"அளவே இல்ல."

நாலு முதல் நாற்று நட்டாள்.

"கடைசி அரை மணி நேரம் வச்சேங்க்கா. வேலை போனாலும் போவட்டும்னு வச்சேன்."

அப்போதுதான் அமலோற்பவம் நிமிர்ந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் நாற்று முடியோடு, வரப்பில் நின்ற தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அப்பா ஜெயிலிலிருந்து வந்த அன்று அவரை அப்படித்தான் பார்த்தாள்.

"அவனுக்கே வச்சியா?"

"வச்சேன்."

மற்ற பெண்கள் இரண்டு எட்டு பின்வாங்கிப் போயிருந்தார்கள். அவள் மட்டும் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். நாற்று முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு குனிந்து, விட்டுப்போன இடத்தைச் சேர்த்து நட்டுக்கொண்டே வரிசையைப் பிடிக்கப் போனாள்.

அந்தத் திரையில் சேமிக்கிற எந்த அளவும் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால்தான் நடைமுறைக்கு வரும். பஞ்சநதத்தின் பெட்டி, வாங்கிய நாளிலிருந்து பழைய இரும்புக்குப் போன நாள் வரை ஒரு தடவைகூட அணைக்கப்படவில்லை.